மீட்டர் இல்லாத ஊரும் பச்சைப் புல்வெளியும்: டெட்ராய்ட் புறநகர்களுக்குத் தண்ணீர் விலை வைத்த கதை

ஜூலை மாதம், காலை ஆறு மணி. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்கு வடக்கே ஓக்லண்ட் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி) வரிசை வரிசையாக வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ஒரு புல்வெளி. மண்ணுக்குள் புதைத்து வைத்த தெளிப்பான்கள் டைமர் சொன்னபடி ஒரே நேரத்தில் தலை தூக்குகின்றன. வீட்டுக்குள் ஷவர் ஓடுகிறது, சமையலறைக் குழாய் திறக்கிறது. ஜனவரியில் இதே ஊர் இதே நேரத்தில் இழுக்கும் தண்ணீரைப் போல இப்போது பல மடங்கு இழுக்கிறது. தொலைவில் ஒரு பம்ப் நிலையத்தில் அதுவரை சும்மா இருந்த பம்ப்புகளும் ஓடத் தொடங்குகின்றன.

அந்த ஊர் வருடம் முழுக்கக் கட்டும் தண்ணீர் விலையில் ஒரு பெரிய பங்கை இந்த ஒரு மணி நேரம் தீர்மானித்துவிடும். தெளிப்பானுக்கு டைமர் வைத்தவருக்கு அது தெரியாது. அவருக்கு வரும் பில்லிலும் அது இருக்காது. புறநகர்களுக்கு மொத்த விலையில் தண்ணீர் விற்கும்போது எது நியாயமான விலை என்ற சண்டை டெட்ராய்டில் நாற்பது வருடத்துக்கு மேல் நடந்தது. அதைப் புரிந்துகொள்ள இந்தக் காலை ஆறு மணியிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏற்பாடு இப்படி. டெட்ராய்ட் நகராட்சியின் தண்ணீர், கழிவுநீர்த் துறை நகர எல்லையைத் தாண்டிக் குழாய் நீட்டி, தென்கிழக்கு மிச்சிகனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. மாநில மக்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் குடிப்பது இந்தத் தண்ணீர்தான். பெரும்பாலான ஊர்களின் எல்லையில் ஒரு பெரிய மீட்டர் இருக்கும். அதுவரை டெட்ராய்டின் பொறுப்பு. அதற்குப் பிறகு தெருக்குழாய், வீட்டு இணைப்பு, பழுதுபார்ப்பு, பில் எல்லாம் அந்த ஊர் நகராட்சியின் வேலை. ஆகவே வீட்டுக்கு வரும் பில்லில் இரண்டு விலை ஒட்டிக்கொண்டு வரும். ஒன்று டெட்ராய்டுக்கு ஊர் கொடுக்கும் மொத்த விலை. இன்னொன்று ஊர் தன் செலவுக்காக மேலே சேர்ப்பது. பில் ஏறினால் உள்ளூர்த் தலைவர்கள் டெட்ராய்டைக் கை காட்டுவார்கள். டெட்ராய்ட் அதிகாரிகளோ, நாங்கள் ஏற்றியது கொஞ்சம்தான், மீதியை உங்கள் ஊர் நகராட்சியிடம் கேளுங்கள் என்பார்கள். வீட்டுக்காரருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்காது. பாதிச் சண்டை இங்கேயே பிறந்துவிட்டது.

இதற்குள் நகரமும் மாறியது. 1950-இல் டெட்ராய்டின் மக்கள்தொகை 18.5 லட்சம். 2010-இல் 7.14 லட்சம். மக்கள் போனாலும் குழாய்கள் அங்கேயேதான் இருந்தன. போனவர்களில் பலர் புறநகர்களுக்குப் போய், அங்கிருந்து அதே நிலையங்களின் தண்ணீரையே குடித்தார்கள். நகரத்தில் மிஞ்சியவர்களில் பெரும்பான்மை கறுப்பின மக்கள், அவர்களில் ஏழைகள் அதிகம். புறநகர்களில் பெரும்பான்மை வெள்ளையர்கள், வசதியும் அதிகம். குழாயின் சாவி நகரத்தின் கையில், குழாய்க்குக் கொடுக்கும் பணத்தில் பெரும் பகுதி புறநகரின் கையில். இந்தச் சூழலில் எந்தச் சூத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

சொந்தக்காரர் கணக்கு

நகரத்துக்கு வெளியே தண்ணீர் விற்கும் நகராட்சிகள் என்ன விலை கேட்கலாம் என்பதற்கு மிச்சிகனில் சட்டம் உண்டு. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் பின்னால் திருத்தப்பட்டபோது, விலை உண்மையான சேவைச் செலவை ஒட்டி இருக்க வேண்டும், அந்தச் செலவையும் மின்சாரம், எரிவாயு விற்பவை போன்ற பயன்பாட்டு நிறுவனங்கள் கணக்கிடும் முறையில் கணக்கிட வேண்டும் என்று அதில் எழுதினார்கள்.

சட்டம் சொல்லும் இந்த முறைக்கும், பொதுவாக நகராட்சிகள் பின்பற்றும் ரொக்கத் தேவை முறைக்கும் வித்தியாசம் இருக்கிறது. ரொக்க முறை எளிது. இந்த வருடம் ஆள் சம்பளம், மின்சாரம், ரசாயனம், கடன் தவணை, பராமரிப்பு எல்லாம் சேர்த்து எவ்வளவு பணம் வேண்டும்? அதைப் பயனாளிகள் பிரித்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். பயன்பாட்டு நிறுவன முறையில் நடத்தும் செலவோடு சொத்தின் தேய்மானமும் அந்தச் சொத்தில் போட்ட முதலுக்கு ஒரு வருவாயும் சேரும். நிலையத்தைக் கட்டியவர், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர், நஷ்டம் வந்தால் தாங்க வேண்டியவர் நகரம். வெளியூர்க்காரர் வாடிக்கையாளர், சொந்தக்காரர் இல்லை. ஆகவே சொந்தக்காரருக்கு ஒரு வருவாய் கிடைப்பது முறை என்பது இதன் அடிப்படை.

டெட்ராய்டில் இந்த உரிமையாளர் பலன் ஒரு நிலையான எண்ணாகவே ஆகிப்போனது. தண்ணீர்க் கணக்கில் வருடத்துக்கு 2.07 கோடி டாலர். புறநகர்கள் கட்டும் தொகையில் அது சேரும், நகரவாசிகள் கட்டுவதில் கழியும்.

புறநகர்க்காரர்களின் எதிர்வாதமும் லேசானதல்ல. அந்த நிலையங்களுக்கு வாங்கிய கடனை யார் அடைத்தார்கள்? ஐம்பது வருடமாக எங்கள் பில்லில் வசூலித்துத்தானே அடைத்தீர்கள்? நாங்கள் பணம் கொடுத்துக் கட்டிய நிலையத்துக்கு நாங்களே உங்களுக்கு வருவாயும் தர வேண்டுமா என்று கேட்டார்கள். என் பார்வையில் இரண்டு பக்கமும் பாதி சரி. கடனை அடைத்தது பயனாளிகள்தான். ஆனால் அடைக்க முடியாமல் போயிருந்தால் கடன் தரம் விழுந்து அவதிப்பட்டிருப்பது நகரம். அந்த அபாயத்துக்கு ஒரு விலை உண்டு. அது எவ்வளவு என்பதில்தான் நியாயமாகப் பேச இடம் இருந்தது. ஆனால் பெரும்பாலும் இருக்கலாமா கூடாதா என்றே சண்டை போட்டார்கள்.

ஒரே தண்ணீர், இரண்டு விலை

சரி, மொத்தச் செலவு இவ்வளவு என்று முடிவாகிவிட்டது. இனி அதை ஊர்களுக்குள் எப்படிப் பிரிப்பது?

எல்லோருக்கும் லிட்டருக்கு ஒரே விலை என்று வைத்துவிட்டால் சுலபம். டெட்ராய்ட் அப்படிச் செய்யவில்லை, செய்திருக்கவும் கூடாது. ஒரு ஊரின் பங்கில் அது வருடம் முழுக்க எடுக்கும் சராசரி அளவு, கோடையின் உச்ச நாளில் எடுக்கும் அளவு, அந்த நாளின் உச்ச மணியில் எடுக்கும் அளவு, சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து இருக்கும் தூரம், தரை உயரம் எல்லாம் சேர்ந்தன. தூரத்து ஊருக்கு அதிகக் குழாய் வேண்டும். மேட்டு ஊருக்குத் தண்ணீரை ஏற்ற அதிக மின்சாரம் வேண்டும். கோடையில் ஒரே மணியில் மொத்தமாக இழுக்கும் ஊருக்காகப் பெரிய குழாயும் பெரிய பம்ப்பும் வருடத்தில் மீதி நாளெல்லாம் காத்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

இதை எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். புரிவதற்காக இரண்டு கற்பனை ஊர்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே சராசரியாக நாளுக்கு ஒரு கோடி லிட்டர் வாங்குகின்றன. முதல் ஊர் நகரத்தை ஒட்டி 10 மைலில் இருக்கிறது. அடுக்கடுக்காகச் சின்ன வீடுகள், புல்வெளி குறைவு. உச்ச நாளில் 1.5 கோடி லிட்டர் எடுக்கும். இரண்டாவது ஊர் 30 மைலில், பெரிய வீடுகள், பெரிய புல்வெளிகள். உச்ச நாளில் 2.5 கோடி லிட்டர்.

இருவரும் சேர்ந்து கட்ட வேண்டியது 100 டாலர் என்று வைப்போம். அதில் 50 டாலர் சராசரித் தேவைக்கு, 30 டாலர் உச்சத் தேவைக்கு, 20 டாலர் தூரத்துக்கு. சராசரி இருவருக்கும் சமம் என்பதால் ஆளுக்கு 25. சராசரிக்கு மேல் முதல் ஊர் இழுப்பது அரைக் கோடி, இரண்டாவது ஊர் ஒன்றரைக் கோடி. ஆகவே உச்சச் செலவில் 7.50, 22.50. தூரத்தில் 5, 15. கூட்டினால் முதல் ஊருக்கு 37.50 டாலர், இரண்டாவது ஊருக்கு 62.50 டாலர். வாங்கிய தண்ணீர் ஒன்றுதான், விலை ஒன்றரை மடங்குக்கும் மேல். பார்க்க அநியாயமாகத் தெரியலாம். யாரால் செலவு வந்ததோ அவர் கட்டுகிறார் என்ற அளவில் இது நியாயம்.

இப்போது இரண்டாவது ஊர் பாடம் கற்றுக்கொள்கிறது. தெளிப்பான்களை நள்ளிரவுக்கு மாற்று, ஒரு தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வை என்று சட்டம் போடுகிறது. இரவில் நிரப்பிப் பகலில் திறக்க ஒரு தொட்டியும் கட்டுகிறது. பல புறநகர்கள் உண்மையிலேயே இப்படிச் செய்தன. கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அதன் உச்சமும் 1.5 கோடிக்கு இறங்கிவிட்டது என்று வைப்போம். இப்போது உச்சச் செலவு 30 டாலரும் சமமாகப் பிரியும். முதல் ஊருக்கு 45, இரண்டாவது ஊருக்கு 55.

முதல் ஊரைப் பாருங்கள். அது எதையுமே மாற்றவில்லை. ஒரு சொட்டுக்கூட அதிகமாக எடுக்கவில்லை. அதன் கட்டணம் 37.50-லிருந்து 45-க்கு ஏறிவிட்டது. குழாய் ஏற்கெனவே பதித்தாகிவிட்டது, பம்ப் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. உச்சம் குறைந்ததால் நேற்று செய்த செலவு திரும்பி வராது. 100 டாலர் 100 டாலராகவே நிற்கிறது. ஒரு ஊர் சிக்கனமாக இருந்தால் பக்கத்து ஊரின் பில் ஏறும்.

என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கு முழுவதிலும் மனதில் நிறுத்த வேண்டிய இடம் இதுதான். செலவைத் தூண்டியவர் கட்டட்டும் என்ற விதி, இனிமேல் கட்டப்போகும் குழாய்க்கு அருமையான விதி. புது நிலையம் தேவையா என்று யோசிக்கும் கட்டத்தில் அது ஊர்களைச் சிக்கனத்துக்குத் தள்ளும், புது நிலையமே வேண்டாம் என்றாகலாம். ஆனால் டெட்ராய்டில் நிலைமை நேர்மாறு. ஹியூரான் ஏரி நிலையத்தை 1974-இல் திறந்தபோது இப்பகுதி இன்னும் வளரும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த வளர்ச்சி வரவில்லை. ஐந்து நிலையங்களையும் சேர்த்த மொத்தத் திறனில் சராசரி நாளில் பாதிகூடத் தேவைப்படுவதில்லை. தேவைக்கு மேல் கட்டிய பிறகு, மீதமிருப்பது பழைய செலவைப் பங்கு போடும் வேலைதான். அதில் ஒருவர் தப்பித்தால் இன்னொருவர் தலையில் விழும்.

இதே குழப்பம் மொத்தப் பயன்பாட்டிலும் வந்தது. கழிப்பறைத் தொட்டி சின்னதாகிவிட்டது, சலவை இயந்திரம் குறைவான தண்ணீர் கேட்கிறது, தொழிற்சாலைகள் மூடின, சில கோடைகள் மழையாகவே போயின. விற்பனை குறைந்தது. செலவில் மிகப் பெரும் பகுதி கடனும் ஆளும் பராமரிப்பும்தான் என்பதால் அது குறையவில்லை. அடுத்த வருடம் விலை ஏறியது. குறைவாகச் செலவழித்ததற்கு அபராதமா என்று மக்கள் கொதித்தார்கள். கடைசியில், ஒவ்வொரு ஊரும் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டிய மாதத் தொகையாக 60 சதவீதம், அளந்து எடுக்கும் தண்ணீருக்கு 40 சதவீதம் என்று பிரித்தார்கள். மழைக் கோடை வந்தாலும் வரவு ஓரளவு நிலையாக நின்றது. வெறும் கணக்கு நுணுக்கம் போலத் தெரியும், ஆனால் பாதி ஆத்திரத்தைத் தணித்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

விலகிப் போனவர் விட்டுச் சென்ற பில்

இந்தக் கணக்கின் கொடூரமான முகத்தை ஃபிளிண்ட்டில் பார்க்கலாம். ஹியூரான் ஏரியிலிருந்து வரும் பெருங்குழாயின் கோடியில் இருந்த ஊர் அது. 1967 முதல் டெட்ராய்ட் தண்ணீர். தூரம் அதிகம், ஆகவே கட்டணமும் அதிகம். கார்த் தொழிற்சாலைகள் போன பிறகு வருமானம் இல்லை. 2013-இல் ஃபிளிண்ட், சொந்தமாகப் பெருங்குழாய் பதித்து ஏரித் தண்ணீரை நேராக எடுக்கும் கரெக்நோண்டி ஆணையத்தில் சேர முடிவெடுத்தது. ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக டெட்ராய்ட் அறிவிப்பு கொடுத்தது. புதுக் குழாய் தயாராகும்வரை இடைக்காலத்துக்கு ஃபிளிண்ட் ஆற்றுத் தண்ணீர் என்று 2014 ஏப்ரல் 25 அன்று மாறினார்கள். அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் அரித்துக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. 2015 அக்டோபரில் மறுபடி டெட்ராய்ட் தண்ணீருக்கே வந்தார்கள்.

அந்த நாசத்துக்குக் காரணம் கட்டணச் சூத்திரம் என்று சொல்ல மாட்டேன். மாநில அரசு நியமித்த அவசர நிர்வாகிகளும் சுற்றுச்சூழல் அதிகாரிகளும் எடுத்த முடிவுகள் அவை. ஆனால் ஒரு ஏழை ஊருக்கு, தூரத்துக்கு இவ்வளவு என்று துல்லியமாகக் கணக்குப் போட்டு விலை வைத்தபோது, அந்த ஊர் வெளியேறிவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. ஃபிளிண்ட் போனால் அது கட்டிவந்த நிலையான செலவு மற்ற ஊர்களின் தலையில்தான் விழும். அந்த நிலையில், தூரத்து ஊருக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து வைத்துக்கொள்வது பக்கத்து ஊர்களுக்கே லாபமாக இருந்திருக்கலாம். சூத்திரம் அதற்கு இடம் தரவில்லை. பேசி முடிவெடுக்கும் இடம் ஒன்று வேண்டியிருந்தது, அதுவும் இல்லை.

பின்னால் அந்த நெகிழ்வு கிடைத்தது. டெட்ராய்டின் நிலையங்களை அதற்குள் கிரேட் லேக்ஸ் தண்ணீர் ஆணையம் என்ற புது அமைப்பு நடத்திக்கொண்டிருந்தது (அது வந்த கதை பின்னால்). 2017-இல் ஃபிளிண்ட் அதனோடு முப்பது வருட ஒப்பந்தம் போட்டது. புதுக் குழாய்க்காக அது வாங்கியிருந்த கடனின் தவணை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாயில் ஃபிளிண்ட்டுக்கு இருந்த நீர் உரிமையைத் தண்ணீர் ஆணையம் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் தவணைத் தொகையைக் கட்டணத்தில் வரவு வைத்தது. மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் யோசித்தால் இப்படிப்பட்ட வழிகள் திறக்கும். நாலு வருடம் முன்னாலேயே யாராவது உட்கார வைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கழித்தல் கணக்கு

தண்ணீரையாவது அளக்கலாம். சாக்கடை அதைவிடச் சிக்கல். டெட்ராய்டின் மையப் பகுதியில் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெரிய மழை பெய்தால் சுத்திகரிப்பு நிலையம் தாங்காமல் ஆற்றில் வழியும். புதிய புறநகர்களில் மழைக்கும் கழிவுக்கும் தனித்தனிக் குழாய். இந்த வழிதலைத் தடுக்கக் கட்டிய தொட்டிகளின் செலவை 83 சதவீதம் டெட்ராய்டுக்கு, 17 சதவீதம் புறநகர்களுக்கு என்று ஓர் ஒப்பந்தத்தில் பிரித்தார்கள். இந்த எண்ணை எந்த மீட்டரும் காட்டவில்லை. பேரம் பேசி வந்தடைந்த எண். அதனாலேயே அது நீடித்தது என்பது என் கருத்து.

அளந்ததாகச் சொன்ன எண்களில்தான் பிரச்சினை பெரிது. புறநகர்களின் எல்லையில் மீட்டர் இருக்கிறது. டெட்ராய்ட் நகரத்துக்கும் அதனோடு பின்னிக் கிடந்த சில ஊர்களுக்கும் அப்படி எல்லை மீட்டர் இல்லை. குழாய்கள் நகரத்துக்குள்ளேயே வலைபோலக் கிளை பிரிவதால் அது சுலபமும் இல்லை. ஆகவே நிலையத்திலிருந்து போனது இவ்வளவு, புறநகர் மீட்டர்களில் பதிவானது இவ்வளவு, மீதி டெட்ராய்டுடையது என்று கழித்துப் பார்த்தார்கள். சாக்கடையிலும் இதே வழிதான்.

கழித்தலில் மிஞ்சுபவர் தலையில் எல்லாப் பிழையும் வந்து விழும். ஏதோ ஒரு புறநகர் மீட்டர் பழசாகி மெதுவாகச் சுற்றினால், அது காட்டாத தண்ணீர் டெட்ராய்டின் கணக்கில் ஏறும். பெருங்குழாயில் கசிந்தால், அதற்கென்று பொதுக் கணக்கில் தனியாக ஒதுக்காதவரை, அதுவும் டெட்ராய்டின் கணக்கில்தான். நகரத்துக்குள் கசிவு மிக அதிகம் என்பதும் உண்மை. எது நகரத்தின் கசிவு, எது மற்றவர் மீட்டரின் பிழை என்று பிரித்துச் சொல்ல வழி இல்லை. அதனால் புறநகர்க்காரர், டெட்ராய்ட் தண்ணீரை வீணாக்குகிறது என்றார். டெட்ராய்ட்காரர், உங்கள் பிழைகளை எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்றார். இரண்டு பேர் சொன்னதையும் சரிபார்க்க முடியாது. ஆணையம் வந்த பிறகுதான் எல்லை மீட்டர் இல்லாத ஊர்களின் பங்கை எப்படிக் கணக்கிடுவது என்று தனியாக ஓர் ஆய்வு நடத்தி முறையைத் திருத்தினார்கள்.

சாக்கடைக் கட்டணத்தில் இன்னொரு எரிச்சலும் இருந்தது. வருடம் முடிந்து உண்மையான ஓட்டத்தைப் பார்த்த பிறகு, பழைய வருடத்துக்கு இவ்வளவு பாக்கி என்று பின்னோக்கி ஒரு பில் வரும். பட்ஜெட் போட்டு முடித்த ஊருக்கு இது இடி. பின்னால் அதை எடுத்துவிட்டு, பல வருட ஓட்டத்தின் அடிப்படையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிலையான பங்கை வைத்து, மாதா மாதம் ஒரே தொகை என்று மாற்றினார்கள். துல்லியம் குறைந்தது, சச்சரவும் குறைந்தது. நகராட்சிக் கணக்கு எழுதும் யாரைக் கேட்டாலும் இந்தப் பரிமாற்றம் லாபம் என்பார்கள்.

ஆறு நாற்காலி

1977-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைப்பு ஆற்று மாசுக்காக டெட்ராய்ட் மீது வழக்குத் தொடுத்தது. நீதிபதி ஜான் ஃபீக்கன்ஸ் அந்த வழக்கை 2010 வரை, ஏறக்குறைய 33 வருடம் கையில் வைத்திருந்தார். மாசு வழக்கு மெல்லக் கட்டண வழக்காகவும் ஆனது. புறநகர்கள் ஆட்சேபம் சொல்ல வேண்டுமானால் அவர் முன்னால்தான் போக வேண்டும். அவருக்குப் பின் வந்த நீதிபதி ஷான் காக்ஸ் 2013-இல் வழக்கை முடித்தார். அதே வருடம் மார்ச்சில் முன்னாள் மேயர் குவாமே கில்பாட்ரிக் ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த வழக்கில் பெரும் பங்கு தண்ணீர்த் துறை ஒப்பந்தங்களைப் பற்றியது. கட்டணக் கணக்கின் மீது மிச்சமிருந்த நம்பிக்கையும் இதில் கரைந்தது.

2013 ஜூலை 18 அன்று டெட்ராய்ட் திவால் மனு போட்டது. தண்ணீர்த் துறைக்கு மட்டும் 500 கோடி டாலருக்கு மேல் கடன் பத்திரங்கள். பேச்சுவார்த்தையின் முடிவில், 2014 செப்டம்பரில் மேயர் மைக் டகன், ஓக்லண்ட், மேகோம், வெய்ன் கவுன்டித் தலைவர்கள், ஆளுநர் ரிக் ஸ்னைடர் ஆகியோர் கையெழுத்திட்டு, கிரேட் லேக்ஸ் தண்ணீர் ஆணையம் உருவானது. 2016 ஜனவரி 1 முதல் அது செயல்படத் தொடங்கியது.

ஏற்பாட்டின் சாரம் இதுதான்: நிலையங்களும் பெருங்குழாய்களும் டெட்ராய்டின் சொத்தாகவே இருக்கும். ஆணையம் அவற்றை 40 வருடக் குத்தகைக்கு எடுத்து, வருடத்துக்கு 5 கோடி டாலர் குத்தகை கொடுக்கும். அந்தப் பணத்தை நகரம் பொதுச் செலவுக்கு எடுக்க முடியாது, தன் உள்ளூர்க் குழாய்களைச் சரிசெய்யவும் அவற்றுக்கான கடனுக்கும்தான் பயன்படுத்தலாம். சொந்தக்காரருக்கு ஒரு வருவாய் உண்டு, அது தண்ணீருக்குள்ளேயே திரும்ப வேண்டும். இரண்டு பக்கத்து வாதத்துக்கும் இடம் கொடுத்த ஏற்பாடு இது. தெரு வரையிலான குழாயும் வீட்டு பில்லும் பழையபடி டெட்ராய்ட் துறையிடம்.

நிர்வாகக் குழுவில் ஆறு பேர். டெட்ராய்ட் மேயர் இரண்டு பேரை நியமிப்பார், மூன்று கவுன்டிகள் ஆளுக்கு ஒருவர், ஆளுநர் ஒருவர். கட்டணம், பட்ஜெட், கடன் போன்ற பெரிய முடிவுகளுக்கு ஆறில் ஐந்து வாக்கு வேண்டும். நகரம் தனியாக விலை ஏற்ற முடியாது, புறநகர்கள் கூட்டுச் சேர்ந்து நகரத்தை ஒதுக்கவும் முடியாது. முதல் பத்து வருடத்துக்கு மொத்த வருவாய்த் தேவை வருடத்துக்கு 4 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற உச்சவரம்பும் வைத்தார்கள்.

சூத்திரத்தின் உள்ளே இருந்த உறுப்புகளில் பெரும்பாலானவை பழையவைதான். சராசரி, உச்ச நாள், உச்ச மணி, தூரம், உயரம், உரிமையாளர் பலன் எல்லாம் அப்படியே தொடர்ந்தன. மாறியது அந்த அட்டவணையை யார் முன்னால் வைத்து விளக்க வேண்டும் என்பது. ஊர்களின் பொறியாளர்கள் உட்காரும் கூட்டங்களில் மீட்டர் வாரியாக எண்களைக் காட்டுகிறார்கள், உங்கள் உச்சம் எந்தத் தேதியில் எந்த மணிக்கு வந்தது என்று எடுத்துச் சொல்கிறார்கள். காலை ஆறு மணித் தெளிப்பானைப் பற்றிய செய்தி ஊர் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான்.

ஏழை வீடுகளுக்காக, வருவாயில் அரை சதவீதம் ஒதுக்கும் உதவித் திட்டமும் வந்தது. முதலில் அது வருடத்துக்குச் சுமார் 45 லட்சம் டாலர். 2014-இல் டெட்ராய்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இணைப்பைத் துண்டித்து உலகமே பார்த்த பிறகு வந்த ஒதுக்கீடு அது. தேவைக்கு முன்னால் சின்னத் தொகை. ஆனாலும் புறநகர்களும் சேர்ந்து போட்ட பணம் என்பதால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. செலவைத் தூண்டியவரே கட்ட வேண்டும் என்ற விதிக்கு வெளியே வைத்த ஒரு வரி அது.

ஹைலண்ட் பார்க்

டெட்ராய்டின் நடுவில், ஏறக்குறைய நாலு பக்கமும் நகரம் சூழ்ந்த சின்ன ஊர் ஹைலண்ட் பார்க். ஹென்றி ஃபோர்டு 1913-இல் நகரும் உற்பத்தி வரிசையை ஓடவிட்ட தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. 1930-இல் ஏறக்குறைய 53,000 பேர். 2020-இல் சுமார் 9,000 பேர். சொந்தத் தண்ணீர் நிலையம் 2012-இல் நின்றுபோனது, அதன் பிறகு டெட்ராய்ட் தண்ணீர். சாக்கடை அதற்கு முன்பிருந்தே டெட்ராய்டின் அமைப்பில் கலந்திருந்தது.

ஊர் பில்லைக் கட்டவில்லை. கட்ட வசதி இல்லை என்பது ஒரு காரணம். எங்கள் அளவை நீங்கள் கணக்குப் போட்டதே தப்பு, அளக்காமல் பில் போடுகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். எல்லை மீட்டர் இல்லாத ஊர்களில் அதுவும் ஒன்று என்பதால், அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பாக்கி 5 கோடி டாலரைத் தாண்டியது.

டெட்ராய்டில் ஒருவர் கட்டாவிட்டால் அந்த வாராக்கடனை டெட்ராய்ட் பயனாளிகள் ஏற்க வேண்டும், புறநகரில் ஒரு ஊர் கட்டாவிட்டால் புறநகர்கள் ஏற்க வேண்டும் என்பது விதி. ஹைலண்ட் பார்க் வரைபடத்தில் டெட்ராய்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. கட்டணப் பட்டியலில் அது ஒரு புறநகர் வாடிக்கையாளர். ஆகவே முப்பது மைல் தள்ளி இருக்கும் மேகோம் கவுன்டி ஊரின் கழிவுநீர் பில்லில், தான் ஒருபோதும் பார்த்திராத ஊரின் பாக்கி ஒரு வரியாக வந்து உட்கார்ந்தது. 2022-இல் சில புறநகர்கள், இனி அந்தப் பங்கைக் கட்ட மாட்டோம் என்று நிறுத்தி வைக்கும் நிலைக்குப் போனார்கள். 2023-இல் மாநில அரசு நடுவில் வந்து, பணமும் போட்டு, ஆணையத்துக்கும் ஹைலண்ட் பார்க்குக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது.

இவ்வளவு வருடம் இழுத்த பிறகு வந்து சேர்ந்த இடத்துக்கு ஆரம்பத்திலேயே வந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். ஹைலண்ட் பார்க்கின் பாக்கியில் எவ்வளவு அதன் இயலாமை, எவ்வளவு தப்பான அளவு என்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை. அளந்திருந்தால், இயலாமைக்கு மாநிலத்தின் கதவைத் தட்டியிருக்கலாம், தப்பான அளவை அடுத்த மாத பில்லில் திருத்தியிருக்கலாம். அளக்காததால் இரண்டும் ஒரே தொகையாகி, பத்து வருடம் நீதிமன்றத்தில் கிடந்து, வட்டி போல வளர்ந்தது. இப்படிப்பட்ட அமைப்பில் கட்டணம் வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால், சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்னால், அந்த ஊருக்குள் நுழையும் ஒவ்வொரு குழாயிலும் ஒரு மீட்டர் வைக்கச் சொல்வேன். அதற்கான செலவை எல்லா ஊர்களுமே பகிர்ந்துகொள்ளும்படியும் எழுதுவேன்.